பனைமரத்தில் பதினைந்து இறாத்தல்

கமலாவதி பிறந்தவுடன் அழவில்லையாம். மருத்துவிச்சியை நிமிர்ந்து பார்த்து, "இந்த அறைக்குள்ளை அமுக்கம் எத்தினை இறாத்தல்?" என்று கேட்டாளாம். சண்டிலிப்பாயில் இப்படி ஒரு கதை உலாவுகிறது. சுத்தப் பொய். அவள் ஒரு கிழமை கழித்துத்தான் கேட்டாள்.

மற்றபடி அவளைப் பற்றி ஊர் சொல்வதில் முக்கால்வாசி மெய். தகப்பன் இளையதம்பி வெங்காயமும் புகையிலையும் செய்தவர். தோட்டத்து இறைப்பு மிசின் தண்ணீரைக் கக்கும்போது மூத்த மகள் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து அமத்திப் பார்ப்பாள். "ஐயா, மிசினுக்கு இண்டைக்கு மூச்சுக் காணாது" என்பாள். பொழுதுபட முன்னம் மிசின் நின்றுவிடும். பிள்ளையின் கண்பட்டுத்தான் நிற்கிறது என்று தாய் மிசினுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மிசின் தும்மியது என்றும் சொல்கிறார்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பு முடிந்த கையோடு, கமலாவதி காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் கருவிப் பகுதிக்கு வேலைக்குப் போனாள். இரட்டைப் பின்னலும் கான்வாஸ் பைக்குள் திருகாணிச் சாவிகளுமாக அவள் பஸ்சுக்கு நிற்பதைப் பார்த்து அயலட்டைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சுவரிலை கொழுவின மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோடி?"

"மணிக்கூடு பிழைச்சால் பஸ்தான் போகும், மாமி. இது பிழைச்சால் கூரையே போகும்."

மணிக்கூடு என்று அந்த மாமி சொன்னதிலும் பிழையில்லை. வட்ட முகம், கண்ணாடி, ஒரு முள்ளு. முகத்துக்குப் பின்னால் ஒரு வளைந்த பித்தளைக் குழாய். கோயில் திருவிழாவில் பிள்ளைகள் ஊதுகிற சுருள் காகித ஊதி இருக்கிறதே, ஊதினால் நிமிரும், விட்டால் சுருளும், அதே வேலைதான். ஆவியோ காற்றோ உள்ளே தள்ள, குழாய் நிமிர முயற்சி பண்ணும், முள்ளு ஓடி அமுக்கம் இத்தனை இறாத்தல் என்று காட்டும். தொழிற்சாலை முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான முகங்கள். கமலாவதி ஒவ்வொன்றின் குணத்தையும் பாடமாக்கி வைத்திருந்தாள். இன்னது சோம்பேறி, இன்னது புளுகன், இன்னது மழைக்கு முதல்நாள் மட்டும் உண்மை சொல்லும் என்று.

பிறகு இலக்கம் காட்டுகிற மீற்றர்கள் வந்தன. முள்ளில்லை, நடுக்கமில்லை. சிவப்பு எழுத்தில் பளிச்சென்று ஓர் எண். கமலாவதிக்கு அதைக் கண்ட நாளிலிருந்து ஆசையில் சோறு இறங்கவில்லை. கருவிப் பகுதித் தலைவர், போமன் அருட்பிரகாசத்துக்கு மட்டும் அதில் பிடிப்பில்லை.

"முள்ளெண்டால் பிழை விடேக்கை நடுங்கும், பிள்ளை. உந்த இலக்கத்துக்குப் பயமுமில்லை, வெக்கமுமில்லை. பொய்யெண்டாலும் நெஞ்சை நிமித்திச் சொல்லும்."

"உங்களுக்குக் கண் தெரியாமல் போச்சு, அண்ணை. அதுக்கு ஏன் மீற்றரைப் பேசுறியள்?" என்றாள் கமலாவதி.

அந்தக் காலத்தில் ஜேர்மனியிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை நல்ல பெடியன். சீலை அனுப்பட்டோ, சென்ற் போத்தில் அனுப்பட்டோ என்று ஆசையோடு விசாரித்தான். இலக்கம் காட்டுகிற அமுக்கமானி ஒன்று அனுப்பச் சொல்லி, எந்தளவு மரை வேண்டும் என்று படமும் கீறி அனுப்பினாள் கமலாவதி. பாவம், அதையும் கடை கடையாய்த் தேடி வாங்கி, நீல வெல்வெற் பெட்டியில் வைத்து அனுப்பினான். அவள் நாலு பக்கத்தில் பதில் எழுதினாள். நாலு பக்கமும் மீற்றரின் சுகம். மாப்பிள்ளையின் சுகத்தைக் கேட்க மறந்து போனாள். சம்பந்தம் குழம்பிவிட்டதென்று தரகர் வந்து தலையைச் சொறிந்தபோது அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"மீற்றரைத் திருப்பிக் கேக்கேல்லைத்தானே?"

தொண்ணூறில் சண்டை அந்தப் பக்கம் வந்து தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது. கமலாவதி வெல்வெற் பெட்டியைச் சயிக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தெற்கிலிருந்து சாமான் வருகிற பாதையும் அடைபட்டது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, ரோச்சுக்குப் போடுகிற பற்றறிகூட இல்லை. சனம் பற்றறியை வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து நசித்து, கடைசி உயிரையும் உறிஞ்சிச் செய்தி கேட்டது. கமலாவதி குக்கரும் மண்ணெண்ணெய் அடுப்பும் திருத்திக் காலம் கடத்தினாள். பம்பி அடித்துப் பற்றவைக்கிற அடுப்பு, அவள் வாசலுக்கு வந்தாலே பயத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும் என்று பெயர்.

தொண்ணூற்றிரண்டு மாசி மாதம், ஊர் எல்லையிலிருந்த சின்ன ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதி, மேற்றன் ஞானாம்பிகை அவளைத் தேடி வந்தார். நெடுத்த மனுசி. அவர் நடந்து வந்தால் நாய்கூட எழும்பி வரிசையில் நிற்கும்.

"பிள்ளை, வண்டியர் வாயை மூடிட்டார்."

வண்டியர் என்பது ஆஸ்பத்திரி முற்றத்தில் விறகு அடுப்பின்மேல் குந்தியிருந்த பித்தளை அண்டா. பிள்ளைப்பேற்றுக்கு வேண்டிய கத்தரிக்கோல், நூல், துணி எல்லாவற்றையும் அதற்குள் வைத்து மூடியை முறுக்கி, நீராவியில் அவித்துக் கிருமி கொல்வார்கள். வண்டி, அதாவது தொப்பை, தள்ளிக்கொண்டு நின்றபடியால் அந்தப் பட்டம். அதன் மூடியில் இருந்த ஒரேயொரு அமுக்கமானி வெடித்துவிட்டது. வெப்பமானி அதற்கு முன்னமே மோட்சம் போய்விட்டது.

"மாதக் கடைசியிலை மார்க்கண்டு டொக்டர் பரிசோதிக்க வாறார். வண்டியருக்கு நம்பத்தக்க மீற்றர் இல்லையெண்டால் பிள்ளைப்பேற்று அறையை மூடிப்போட்டு, எல்லாரையும் பட்டணத்துக்கு அனுப்பச் சொல்லிப் போட்டார்."

பக்கத்தில் பாய் இழைத்துக்கொண்டிருந்த தங்கை பத்மாவதி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு நிறைமாதம். தலைப்பிள்ளை.

"பட்டணத்துக்கோ? எப்பிடிப் போறது? இவற்றை சயிக்கிள் பாரிலை குந்தியோ?"

இவர் என்றது புருசன் சீவரத்தினத்தை. குன்றும் குழியுமான வழி. நடுவில் ஷெல் விழுந்தால் இறங்கிப் பதுங்கவேண்டும். நிறைமாதப் பெண் பாரில் ஏறுவதே ஒரு வித்தை, இறங்குவது அதைவிடப் பெரிய வித்தை. போன வருசம் அப்படிப் போன ஒருத்தி ஒழுங்கையில் பனங்கூடலுக்குள்ளே பெற்று, பிள்ளைக்குப் பனங்காய் மணம் போகவே இல்லையாம்.

கமலாவதி வெல்வெற் பெட்டியை எடுத்துத் தூசு தட்டினாள்.

"நீ பயப்பிடாதை பத்மா. உன்ரை பிள்ளை இஞ்சைதான் பிறக்கும். மீற்றரை நான் குடுக்கிறன்."

சொன்னது சுகம். பெட்டிக்குள் இருந்தவருக்குப் பற்றறி வேண்டுமே? பற்றறி செத்த பிறகு ஊரெல்லாம் றேடியோ கேட்கிற முறையைக் கமலாவதியும் பிடித்தாள். சீவரத்தினத்தின் சயிக்கிளை வண்டியருக்குப் பக்கத்தில் ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து மீற்றருக்கு வயர் கொடுத்தாள். சீவரத்தினம் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான்.

"வெறும் ஆவி வந்தால் காணாதோ மச்சாள்? ஏன் இந்தப் பாடு?"

"சும்மா கொதிக்க வைச்சால் சில கிருமி குளிச்சுப்போட்டுத் தலை துடைச்சுக்கொண்டு எழும்பி வரும். பதினைஞ்சு இறாத்தல் அமுக்கத்திலை அவிச்சால்தான் சாகும். நீர் கதையாமல் மிதியும்."

அவன் மிதித்தான். இலக்கம் எழும்பியது. ஒன்பது, பதினொன்று, பதினைந்து!

"வந்திட்டுதோ?"

"வந்திட்டுது."

சீவரத்தினம் மூச்சு வாங்கக் காலை ஆறவிட்டான். இலக்கம் ஏழுக்கு இறங்கியது. மிதித்தான், பதினாலு. இருமினான், பத்து. வண்டியருக்குக் கீழே நெருப்பு என்னவோ ஒரே அளவில்தான் எரிந்துகொண்டிருந்தது. அரை மணித்தியாலம் பார்த்த பிறகு கமலாவதிக்கு விளங்கிவிட்டது. மீற்றர் அளப்பது நீராவியை அல்ல, சீவரத்தினத்தின் தொடையை. அந்த நேரம் பார்த்துப் பத்மாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேத்தண்ணியோடு வந்தாள்.

"உங்களுக்கு ஏலாது போலை கிடக்கு. ஐயாவைக் கூப்பிடட்டோ?"

மாமனைக் கூப்பிடட்டோ என்று பெண்சாதி கேட்டால் எந்த ஆம்பிளைக்குத்தான் காலில் வேகம் வராது? சீவரத்தினம் ஒரு மிதி மிதித்தான். மீற்றர் தொண்ணூற்றொன்பது காட்டி, சின்னதாக ஒரு புகை விட்டு, கண்ணை மூடியது. ஜேர்மன் சம்பந்தம் அன்றைக்குத்தான் முழுதாக முறிந்தது.

கமலாவதி அசரவில்லை. வண்டியரின் பழைய மணிக்கூட்டைக் கழற்றி, வெடித்த வளைகுழாயை ஈயம் உருக்கி ஒட்டினாள். ஒட்டிய குழாய் வயதுபோனவர்களின் முழங்கால் மாதிரி விறைத்துப் போயிற்று. அடுப்பில் நெருப்பு மூட்ட முன்னமே பன்னிரண்டு இறாத்தல் என்றது. நெருப்பு மூட்டின பிறகும் பன்னிரண்டுதான். கொண்ட கொள்கையில் உறுதி.

"அப்ப பாதரசம்" என்றாள் கமலாவதி. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசத்தை விட்டால் மூன்றடி உயரத்துக்குள்ளே காரியம் முடியும். ஆஸ்பத்திரியில் சனத்துக்கு இரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டி இரண்டு இருந்தது. இரண்டிலும் பாதரசம் இருந்தது. மேற்றன் இரண்டையும் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டித் திறப்பைத் தாலிக்கொடியில் கொழுவிக்கொண்டார்.

"வண்டியருக்குப் பாத்துப்போட்டு, சனத்துக்கு என்னத்தாலை பாக்கிறது? நாடி பிடிச்சுச் சாத்திரமோ சொல்லுறது?"

"ரண்டிலை ஒண்டெண்டாலும்..."

"பிள்ளை, இப்ப எனக்கே ஏறுது. அளந்து காட்டட்டோ?"

கமலாவதி கிணற்றுக்கட்டில் போய்க் குந்தினாள். பாதரசம் இல்லையென்றால் மிச்சம் இருப்பது தண்ணீர். மனிசர் முன்னூறு நானூறு வருசமாகத் தண்ணீரில் தொடங்கி, பாதரசம், பித்தளைச் சுருள், சிவப்பு இலக்கம் என்று படிப்படியாய் ஏறி வந்த வழியை, அவள் ஒரே மாதத்தில் பின்பக்கமாய் இறங்கி முதற்படிக்கு வந்துவிட்டாள். தண்ணீர் மலிவு. அதன் குறை என்னவென்றால் அதற்குப் பாரம் காணாது. ஓர் இறாத்தல் அமுக்கம் தண்ணீரை இரண்டேகால் அடிக்குமேல் தூக்கும். பதினைந்து இறாத்தல் கிட்டத்தட்ட முப்பத்தைந்து அடி. முப்பத்தைந்து அடிக்கு ஒரு குழாயை எங்கே நிமிர்த்திக் கட்டுவது? கோயில் கோபுரத்திலா?

மேலேயிருந்து ஒரு பாட்டுக் கேட்டது. ஆஸ்பத்திரி வேலியோரப் பனையில் கனிசியஸ் மாலைக்கள் இறக்கிக்கொண்டிருந்தார். குருநகரில் பிறந்து, கடல் ஆட்டம் பிடிக்காமல், ஆடாத மரமாகப் பார்த்து இந்தப் பக்கம் கலியாணம் கட்டி வந்த மனுசன். காற்றடித்தால் பனையும் ஆடும் என்று அவருக்கு யாரும் முதலே சொல்லவில்லை.

கமலாவதி அண்ணாந்து பார்த்தாள். பனை வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"கனிசியஸ் அண்ணை! உந்த மரம் எத்தினை அடி?"

"அளந்தால் வளராது எண்டு நான் அளக்கிறேல்லை, தங்கச்சி. ஏன்?"

"நாளைக்கு அளப்பம்."

குழாய்க்கும் வழி பிறந்தது. மேசன்மார் சுவருக்கு மட்டம் பார்க்க நீளமான தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் வைத்திருப்பார்கள். சீமெந்தே இல்லாத ஊரில் யார் மட்டம் பார்க்கிறது? முத்துக்குமாரு மேசன் தன்னுடையதைக் கொடியாகக் கட்டிச் சாரம் காயப்போட்டிருந்தார். சாரத்தை உருவிப்போட்டுக் கொடுத்தார். கமலாவதி வண்டியரின் மூடியிலிருந்து ஒரு செப்புக் குழாயை இறக்கி, தண்ணீர் நிறைத்து இறுக்கி மூடின தகரப் பேணிக்குள் விட்டாள். பேணியின் அடியிலிருந்து மேசனின் குழாய் புறப்பட்டுப் பனையோடு பனையாக ஏறியது. ஆவி பேணித் தண்ணீரை அமத்தும், தண்ணீர் குழாயில் ஏறும். குழாயின் திறந்த வாய்க்குச் சற்றுக் கீழே, முப்பத்தைந்தாவது அடியில் ஒரு சிவப்புத் துண்டு கட்டினார்கள். தண்ணீர் சிவப்புத் துண்டைத் தொட்டால் பதினைந்து இறாத்தல். அதற்குமேல் சொல்லவோ கேட்கவோ ஒன்றுமில்லை.

ஒரேயொரு தொல்லை. தெளிந்த குழாயில் தெளிந்த தண்ணீர். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கனிசியஸ் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி மேலேயிருந்து கத்தவேண்டியிருந்தது.

"தங்கச்சீ! இப்ப என்ரை முழங்காலுக்கு வந்திட்டுது! இப்ப இடுப்புக்கு!"

"உங்கடை இடுப்பு எத்தினையாம் அடியிலை அண்ணை?"

"அது நான் ஏறுறதைப் பொறுத்தது!"

இரண்டாம் நாள் அவர் இறங்கி வந்து குரலே இல்லாமல் கையால் கதைத்தார். தண்ணீருக்குப் பதிலாகக் கருப்பநீர் விடுவோம் என்பது அவர் யோசனை. பனையின் இனிப்புப் பால்தானே, கொஞ்சம் வெண்மை இருக்கும், கீழேயிருந்தே தெரியும். முட்டிப் பானையில் சுண்ணாம்பு பூசி இறக்கிக் கொண்டுவந்தும் விட்டார். கமலாவதி முட்டிக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுழித்தாள்.

"சுண்ணாம்பு கூடாது. குழாய்க்குள்ளை படிஞ்சு அடைக்கும். ஏழு வருசம் நான் குழாய் அடைப்பு எடுத்தவள், எனக்குத் தெரியாதோ?"

"சுண்ணாம்பு இல்லாட்டில்..." என்று கனிசியஸ் அடைத்த குரலில் தொடங்கினார்.

"இல்லாமல் கொண்டுவாங்கோ."

அவர் தோளைக் குலுக்கினார். விடியப்புறம் சுண்ணாம்பு போடாத முட்டியிலிருந்து வடித்துக் கொடுத்தார். கமலாவதி குழாயையும் பேணியையும் அதனால் நிரப்பினாள். அருமையான வேலை! காலையில் மங்கலாக இருந்தது மத்தியானம் பால்போல வெளுத்தது. பின்னேரம் ஒழுங்கையில் போகிறவர்கள்கூட நின்று பனையைப் பார்த்துப் போனார்கள். வண்டியரும் என்றுமில்லாத சுறுசுறுப்பு. பாதி விறகிலேயே வெள்ளைக்கோடு சிவப்புத் துண்டைத் தொட்டுவிட்டது.

"விறகு மிச்சம் பிள்ளை!" என்று மேற்றன்கூடச் சிரித்தார். அவர் சிரித்ததைக் கண்டு இரண்டு நோயாளிகளுக்குக் காய்ச்சல் விட்டது.

மறுநாள் காலை பத்மாவதிக்குப் பிரசவ நோ தொடங்கியது. அதே காலையில் மார்க்கண்டு டொக்டரும் குடையைச் சயிக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு வந்து இறங்கினார். சலவை மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு, வழுக்கைத் தலை, திருநீற்றுக் குறி. வெங்காயத்தைக்கூடக் கண்ணெடுத்துப் பார்க்காத சைவப்பழம் என்று பெயர் எடுத்தவர்.

வண்டியருக்குள் பத்மாவதிக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருந்தது. நெருப்பு எரிந்தது. டொக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியரையும் பேணியையும் சுற்றி வந்து, குழாய் வழியே கண்ணை மேலே மேலே ஓட்டி, பனையடியில் நின்று அண்ணாந்தார். வெள்ளைக்கோடு ஏறி வந்து சிவப்புத் துண்டில் நின்றது.

"ஆர் செய்தது?"

"நான்தான் டொக்டர். ஓரிறாத்தலுக்கு ரண்டேகால் அடிக்குக் கொஞ்சம் மேலை..."

"தெரியும், தெரியும். நானும் பள்ளிக்கூடத்திலை படிச்சனான்." மனுசனுக்கு உள்ளுக்குள் சந்தோசம். முகம் அதைக் காட்டாமல் மறைக்கப் படாதபாடு பட்டது. "பற்றறியும் தேவையில்லை, உடையவும் உடையாது. எனக்குத் திருப்தி. பிள்ளைப்பேற்று அறை..."

அப்போதுதான் வானத்திலிருந்து ஒரு துளி வந்து அவர் வழுக்கையில் விழுந்தது. இன்னொன்று கண்ணாடியில். மூன்றாவது மீசையில் விழுந்து உதட்டுக்கு இறங்கியது. டொக்டர் நாக்கால் தொட்டார். அவருக்கு உடனே அது என்னவென்று விளங்கிவிட்டது. எப்படி விளங்கியது என்று அங்கு நின்ற ஒருவரும் கேட்கவில்லை.

"டேய் கனிசியஸ்! கள்ளு முட்டியை ஒழுங்காய்க் கட்டடாப்பா! தலையிலை ஊத்துது!" டொக்டர் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சரி மேற்றன், அறை திறந்திருக்கட்டும். நான் வெளிக்கிடுறன்."

மேற்றன் பெருமூச்சு விட்டார். உள்ளே பத்மாவதி "அம்மாளாச்சீ!" என்று கத்துவது கேட்டது.

கமலாவதி மட்டும் அசையவில்லை. கனிசியசின் முட்டி வேலியடியில் அவள் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. கனிசியசும் முட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மரத்தில் இல்லாத தன்னை டொக்டர் எதற்குப் பேசுகிறார் என்று முழித்துக்கொண்டிருந்தார். அப்படியானால் மேலேயிருந்து ஊற்றுவது எது? அவள் அண்ணாந்தாள். குழாயின் உச்சி வாயில் நுரை. வெள்ளைக்கோடு முழுக்கக் குட்டிக் குட்டிக் குமிழிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஏறின.

சுண்ணாம்பு போடாத கருப்பநீர் வெயில் ஏற ஏறக் கள்ளாகும். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. புளித்த தோசைமா பானையை விட்டுப் பொங்குகிறதென்றால் மா கூடிவிட்டதென்று அர்த்தமா? காற்றுப் புகுந்து பொருமியிருக்கிறது, அவ்வளவுதான். சிவப்புத் துண்டைத் தொட்டது அமுக்கம் அல்ல, கள்ளின் பொருமல். பாதி விறகுதான் பிடித்தது என்றால் பாதி அமுக்கம்தான் இருந்திருக்கிறது. நேற்றிலிருந்து வண்டியர் அவித்ததெல்லாம் அரை அவியல். நல்லகாலம், அதற்குள் ஊரில் ஒருத்தியும் பெறவில்லை. பிள்ளைகள் உள்ளேயிருந்தே மணந்து பார்த்துவிட்டுப் பொறுத்திருந்தன போலும்.

டொக்டர் சயிக்கிளின் ஸ்ராண்டைத் தட்டினார். வாயை மூடிக்கொண்டு நின்றால் அறை திறந்திருக்கும். வாயைத் திறந்தால் மூடுவார்கள். அறைக்குள்ளே கிடப்பது தங்கை. கொடுத்த வாக்கு இரண்டு பக்கமும் பல்லைக் காட்டியது.

"டொக்டர், நில்லுங்கோ! உது பொய் சொல்லுது."

"எது?"

"என்ரை மீற்றர். உங்கடை தலையிலை விழுந்தது முட்டிக் கள்ளில்லை, குழாய்க் கள்ளு. புளிச்சுப் பொங்கி ஏறியிருக்கு. உள்ளை பதினைஞ்சு இறாத்தல் இல்லை, ஏழோ எட்டோதான் இருக்கும்."

மேற்றன் வாயில் கை வைத்தார். கனிசியஸ் தன் முட்டியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

டொக்டரின் முகம் சிவந்தது. "அப்ப நான் சரியெண்டு சொன்னதை நீரே பிழையெண்டுறீரோ? விளங்குதோ? அறையை மூடுறதுக்குக் காரணத்தை நீரே தாறீர்."

"மூடுறதெண்டால் பின்னேரம் மூடுங்கோ டொக்டர். இப்ப என்னைத் திரும்ப அவிக்க விடுங்கோ. அங்கை என்ரை தங்கச்சி கிடக்கிறாள், தலைப்பிள்ளை. நேரம் இருக்கு. நிண்டு குறுக்கை கதைக்காமல் அந்த விறகை இஞ்சாலை எடுத்துத் தாங்கோ!"

கடைசி வசனம் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது. டொக்டருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும், ஏனென்றால் அதற்குள் அவர் குனிந்து விறகைத் தூக்கிவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் ஒரே அமளி. நெருப்பை இழுத்து, ஆவியை விட்டு, கனிசியஸ் குழாயைக் கழற்றிக் கள்ளை வாளியில் வடித்தார். சீவரத்தினம் பெண்சாதியின் ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு வாளி என்று கிணற்றுத் தண்ணீர் அள்ளினான். கத்தல் கூடிக்கொண்டு போனதால் தண்ணீர் முற்றத்தில் வழிந்தோடியது. குழாயை மூன்று முறை கழுவினார்கள். தண்ணீருக்கு நிறம் வேண்டுமே?

"மேற்றன் அம்மா, வாய்ப்புண்ணுக்குப் பூசுற ஊதா மருந்து கொஞ்சம் தாங்கோ."

"அது சனத்துக்கெண்டு வைச்சது!"

"முழுப்போத்திலும் வேண்டாம். நாலு துளி."

மேற்றன் டொக்டரைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் கரி பூசிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த டொக்டர், "குடுங்கோ" என்றார்.

நாலு துளியில் வாளித் தண்ணீர் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாயிற்று. அந்த ஊதாக்கோடு பனையில் ஏறின அழகை என்னவென்று சொல்வது! அவசரமே இல்லை. சீதனம் பேசிமுடிக்காத மாப்பிள்ளை மணவறைக்குப் போவதுபோல ஒவ்வோர் அங்குலமாக நின்று நின்று போயிற்று. பாதி விறகு முடிந்தது, கோடு பாதி மரத்தில் நின்றது. "பாத்தியளே, நேற்று இந்த இடத்திலைதான் நாங்கள் சந்தோசப்பட்டனாங்கள்" என்றாள் கமலாவதி. மிச்ச விறகும் முடிந்தது. இன்னும் இரண்டடி வேண்டும். கனிசியஸ் தன் பழைய ஏணியை உடைத்துக் கொடுத்தார். டொக்டர் சுற்றுமுற்றும் பார்த்து, வேலியிலிருந்து ஒரு கட்டையைத் தானே பிடுங்கினார்.

ஊதாக்கோடு சிவப்புத் துண்டைத் தொட்டது. தொட்டு, நுரைக்காமல், நடுங்காமல் நின்றது. கமலாவதி கண்ணை எடுக்காமல் அண்ணாந்தபடியே நின்றாள். வேண்டிய நேரம் முழுக்கக் கோடு இறங்காமல் டொக்டர் நெருப்பைப் பார்த்துக்கொண்டார். கழுத்து நோவெடுத்து, பிறகு ஒரு கிழமைக்கு அவள் ஊரில் எல்லாரையும் வானத்தைப் பார்த்தபடியேதான் சுகம் விசாரித்தாள்.

மூடியைத் திறந்து மேற்றன் சாமானை உள்ளே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பிள்ளை அழுத சத்தத்தில் கிணற்று வாளி தானாக ஆடியது.

"பொம்பிளைப் பிள்ளை!" என்றார் மேற்றன், வாசலில் வந்து. "தாய் பிள்ளை ரண்டும் சுகம். தகப்பனைத்தான் ஆரும் பிடியுங்கோ."

சீவரத்தினம் சேற்றுக்குள் இருந்து அழுதுகொண்டு சிரித்தான்.

கமலாவதி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு டொக்டருக்கு முன்னால் போய் நின்றாள். வாக்கில் பாதி நிறைவேறிவிட்டது. மற்றப் பாதி அந்த மனுசனின் வாயில் இருந்தது.

"பின்னேரமாச்சு டொக்டர். மூடுறதெண்டால் சொல்லுங்கோ."

டொக்டர் வெள்ளையாக இருந்த சேட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு பனையைப் பார்த்தார்.

"நான் இதுவரைக்கும் எத்தினையோ ஆஸ்பத்திரியிலை எத்தினையோ மீற்றர் பாத்திட்டன். எல்லாம் சரியெண்டுதான் காட்டும். பிழையெண்டு ஒண்டும் எனக்குச் சொன்னதில்லை. உங்கடை இடத்திலை பிழைச்சால் சொல்லுறதுக்கு ஓராள் நிக்குது. அறை திறந்திருக்கட்டும். ஆனால் இனிமேல் குழாய்க்குள்ளை தண்ணி மட்டும்தான், சொல்லிப்போட்டன்."

"ஓம் டொக்டர்."

"நல்லது." அவர் சயிக்கிளை எடுத்தார். நாலடி உருட்டினார். நின்றார். திரும்பாமலே கேட்டார். "கனிசியஸ், குழாயிலையிருந்து வடிச்ச அந்த வாளி எங்கை?"

"உங்கடை சயிக்கிளுக்குப் பக்கத்திலைதான் வைச்சனான் ஐயா."

"வாளி கிடக்கு. உள்ளை ஒண்டையும் காணேல்லை."

"வெயில்தானே ஐயா. ஆவியாய்ப் போயிருக்கும்" என்றார் கனிசியஸ், மரத்தைப் பிடித்துக்கொண்டு.

பனை ஊதாக்கோட்டோடு அங்கே சில வருசம் நின்றது. பத்மாவதியின் மகளுக்கு மூன்று வயதானபோது, வேலியடியில் நின்று சிவப்புத் துண்டைக் காட்டி, "பெரியம்மா, தொட்டிட்டுது!" என்று கத்துகிற வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள். தொடாத நேரத்தில் ஒருநாளும் தொட்டிட்டுது என்று சொன்னதில்லை. அந்த அறையில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் மற்றப் பிள்ளைகளைவிட ஒரு சாண் உயரம். நம்பாதவர்கள் வந்து அளந்து பார்க்கலாம். தண்ணீரால் அளந்தால் நல்லது.